அல்சைமர் உள்ளவருக்கு வீட்டில் பி.பி. பார்ப்பது எப்படி

வீட்டில் ஒருவருக்கு அல்சைமர் என்று சொல்லிவிட்டார்கள், அவருக்குப் பத்துப் பதினைந்து வருடமாக பி.பி.யும் இருக்கிறது, மாத்திரையும் போய்க்கொண்டிருக்கிறது. இந்த மாதிரி வீடுகளில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். "மறதிக்குத்தான் மருந்தே இல்லையே, பி.பி.யைப் பார்த்து என்ன ஆகப்போகிறது" என்று விட்டுவிடுகிறவர்கள் ஒரு வகை. மெஷின் 150 காட்டிவிட்டால் பதறிப்போய், மாத்திரையைக் கூட்டுங்கள் என்று டாக்டரை நச்சரிக்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாலும் மூளைக்கு நல்லதில்லை. நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு பி.பி.யை இறக்குவதுதான் வேலை. எண்பது வயதில் அல்சைமரோடு இருப்பவருக்கு அது ஏறவும் விடக்கூடாது, தொபுக்கென்று விழவும் விடக்கூடாது. இந்த இரண்டாவது வேலையை வீட்டில் எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்; டாக்டரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாமல் இருப்பதற்குத்தான் இது.

மூளைக்குள் பி.பி. செய்வது என்ன

மூளை நம் எடையில் சுமார் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. சேர்த்துவைத்துக்கொள்ள இடம் கிடையாது, நிமிடத்துக்கு நிமிடம் ரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும். மூளையின் ஆழம்வரை அதைக் கொண்டுபோகிற குழாய்கள் மிகவும் மெல்லியவை. வருடக்கணக்கில் அதிக அழுத்தத்தில் ரத்தம் ஓடினால் அவற்றின் சுவர் தடித்து, வெயிலில் கிடந்த ரப்பர் குழாய் மாதிரி விறைத்துப்போகும், உள்வழியும் குறுகும். முதலில் அடிவாங்குவது மூளையின் உட்புறமுள்ள வெள்ளைப் பகுதி, அதாவது மூளையின் ஒரு இடத்தை இன்னொரு இடத்தோடு இணைக்கும் நரம்பு இழைகள் ஓடுகிற பகுதி.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். "ஸ்மால் வெசல் இஸ்கிமிக் சேஞ்சஸ்" என்றோ "ஃபசேகாஸ் கிரேடு 2" என்றோ ஒரு வரி இருக்கலாம். ஃபசேகாஸ் என்பது இந்த வெள்ளைப் பகுதிச் சேதத்துக்கு 0 முதல் 3 வரை கொடுக்கும் அளவு. 3 என்றால் தனித்தனிப் புள்ளிகளாக இருந்தவை ஒன்றுசேர்ந்து படர்ந்துவிட்டன. வயதானால் வருவதுதானே என்று அந்த வரியைத் தாண்டிவிடுகிறார்கள். லேசாக இருந்தால் அது சரி, 2, 3 என்று போயிருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வரி அது. ஏனென்றால் அல்சைமரின் வழக்கமான தொடக்கம் சமீபத்து ஞாபகம் போவது, சாப்பிட்டதையே சாப்பிடவில்லை என்று சொல்வது. குழாய்ச் சேதம் வேறு மாதிரி காட்டும்: யோசிப்பது மெதுவாகும், அடுத்தடுத்துச் செய்ய வேண்டிய வேலையில் பாதியில் நின்றுவிடுவார்கள், அடியெடுத்து வைப்பது குறுகும், சிறுநீர் வந்தால் அடக்க முடியாது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், வயதானவர்களிடம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. அலோயிஸ் அல்சைமர் 1906-ல் முதன்முதலாக விவரித்த அகுஸ்டே டீட்டர் என்ற பெண்மணியின் மூளையிலேயே, இன்று அந்த நோயின் அடையாளமாகச் சொல்லப்படும் படிவுகளோடு, பெரிய ரத்தக் குழாய்கள் தடித்திருந்ததையும் அவர் குறித்துவைத்திருக்கிறார்.

அமிலாய்டு என்ற புரதப் படிவு அல்சைமரில் மூளைக்குள் சேர்கிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உருவாவது ஒரு பக்கம், வெளியேறுவது இன்னொரு பக்கம். வெளியேறும் வழிகளில் ஒன்று ரத்தக் குழாய்களின் சுவரை ஒட்டித்தான் போகிறது, நாடித் துடிப்பின் அசைவே அதைத் தள்ளிவிட உதவுகிறது. குழாய் விறைத்தால் அந்தத் தள்ளல் குறையும், எலிகளுக்கு பி.பி.யை ஏற்றிப் பார்த்தபோது மூளையைச் சுற்றியுள்ள திரவத்தின் ஓட்டம் மந்தமானதைப் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் இருக்கும் தேவையில்லாதவை மூளைக்குள் போகாமல் தடுக்கும் சுவரும் அதிக அழுத்தத்தில் கசியத் தொடங்குகிறது.

அதற்காக பி.பி.தான் அல்சைமரைக் கொண்டுவந்தது என்று யாரையும், முக்கியமாக உங்களையே, குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். பி.பி.யே இல்லாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. இருக்கிற நோயின் மேல் குழாய்ச் சேதமும் ஏறினால் தாங்கும் சக்தி குறைகிறது, விஷயம் அவ்வளவுதான். அமெரிக்கக் கன்னியாஸ்திரீகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 1997-ல் இதைக் காட்டியது: இறந்தபின் மூளையைப் பரிசோதித்ததில் அல்சைமர் படிவுகள் இருந்தவர்களிலேயே, ஆழ்பகுதியில் சிறுசிறு அடைப்புகளும் இருந்தவர்கள்தான் உயிரோடு இருந்தபோது அதிக அளவில் மறதி நோயோடு வாழ்ந்திருந்தார்கள்.

எப்போது இறக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும்

நடுவயதில் இறக்குவதால் பலன் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 9,361 பேரை வைத்து நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வில், மேல் அளவை (பி.பி.யில் முதலில் சொல்லும் பெரிய எண்) 120-க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கும் 140-க்குக் கீழே வைத்திருந்தவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது: மறதி நோய்க்கு முந்தைய லேசான ஞாபகக் குறைவு 120-காரர்களிடம் 19 சதவீதம் குறைவு. முழு மறதி நோயும் கொஞ்சம் குறைந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்தான் நின்றது. அப்புறம் சீனக் கிராமங்கள். 326 கிராமங்களில் சுமார் 34,000 பேர், பாதிக் கிராமங்களில் பெரிய ஸ்பெஷலிஸ்ட் யாரும் இல்லாமல் கிராம மருத்துவர்களே மாத்திரை கொடுத்து, வீட்டில் பி.பி. பார்க்கச் சொல்லி, விடாமல் பின்தொடர்ந்தார்கள். நான்கு வருடத்தில் மறதி நோய் 15 சதவீதம் குறைந்தது என்று 2025-ல் வெளியிட்டார்கள். எனக்கு இந்த ஆய்வுதான் மிகவும் பிடித்தது, நம் ஊரில் செய்ய முடியாதது அதில் ஒன்றுமே இல்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. வீட்டில் நடமாட முடியாதவர் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

சரி, நோய் வந்தபிறகு? கதை இங்கே மாறுகிறது. அல்சைமர் வந்தவர்களுக்கே பி.பி. மருந்தை மறதி மருந்து போலக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் நில்வாடிபின், பிரிட்டனில் லோசார்டன். நில்வாடிபின் ஞாபகத்தை இன்னும் மோசமாகாமல் தடுக்கவில்லை, லோசார்டன் மூளை சுருங்குவதைத் தடுக்கவில்லை. நில்வாடிபின் ஆய்வின் ஒரு சிறு பகுதியில் மட்டும் ஹிப்போகேம்பஸ் என்ற ஞாபகப் பகுதிக்குப் போகும் ரத்தம் கூடியிருந்தது, பி.பி.யை இறக்கினால் மூளைக்கு ரத்தம் குறைந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு அது ஒரு ஆறுதல். இன்னொரு பக்கம், ஏற்கெனவே ஞாபகக் குறைவோ மறதி நோயோ உள்ளவர்களை இத்தாலியில் கவனித்தபோது (2015), மாத்திரை எடுத்துக்கொண்டு பகல்நேர மேல் அளவு 128 அல்லது அதற்கும் கீழே இருந்தவர்களுக்கு மூளைத்திறன் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான், குறைந்த பி.பி. காரணமா அல்லது நோய் முற்றியதால் பி.பி. குறைந்ததா என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே வருடம் நெதர்லாந்தில், லேசான ஞாபகக் குறைவு உள்ள 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு பி.பி. மாத்திரையை நிறுத்தியே பார்த்தார்கள், நான்கு மாதத்தில் மூளைத்திறன் ஒன்றும் ஏறவில்லை. ஆக, கண்மூடித்தனமாக இறக்கவும் வேண்டாம், திடீரென நிறுத்தவும் வேண்டாம்.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆரோக்கியமான மூளை, பி.பி. ஏறினாலும் இறங்கினாலும் தனக்கு வரும் ரத்தத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். நீண்டகாலம் பி.பி. இருந்தவருக்கு இந்த ஏற்பாடு உயர்ந்த அழுத்தத்துக்கே பழகிவிட்டிருக்கும், அவருக்கு 110 என்பது நமக்கு 85 வந்தது மாதிரி ஆகலாம். போதாததற்கு, மறதி நோய் முற்ற முற்ற எடை குறைந்து, சாப்பாடு குறைந்து, பி.பி. தானாகவே இறங்குகிறது. அறுபத்தைந்து வயதில் எழுதிக்கொடுத்த அதே மூன்று மாத்திரை எண்பதிலும் போய்க்கொண்டிருப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் சங்கடம். பிரிட்டனில் டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு 80 வயது தாண்டியவர்களுக்குக் கிளினிக்கில் 150/90-க்குக் கீழே இருந்தால் போதும் என்கிறது, ரொம்பத் தளர்ந்தவர்களுக்கு ஆளைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறது. உங்கள் வீட்டில் இருக்கும் நோயாளிக்கு எந்த எண் என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "எவ்வளவுக்கு மேலே போனால் சொல்லணும், எவ்வளவுக்குக் கீழே போனால் சொல்லணும்?" கீழ் எல்லையைக் கேட்க மறந்துவிடாதீர்கள், பலரும் மேல் எல்லையை மட்டும்தான் கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

அளக்கும் முறை

மேல்கையில் கட்டும் ஆட்டோமேட்டிக் மெஷின் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், கையை எந்த உயரத்தில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாற்றி மாற்றிக் காட்டும், கையை அசையாமல் வைத்திரு என்று இவரிடம் சொல்லிப் புரியவைக்கவும் முடியாது. பெட்டியோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்குத்தான். மெலிந்துபோன பாட்டியின் கை அதைவிடச் சின்னதாக இருந்தால் அளவு உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், பெருத்த கையில் இறுக்கிக் கட்டினால் கூடுதலாகக் காட்டும். தையல் டேப்பால் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, தேவையென்றால் வேறு அளவுப் பட்டை வாங்கிவிடுங்கள்.

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால் பார்ப்பது நல்லது. சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை. முதுகு சாய்ந்திருக்க நாற்காலியில் உட்காரவைத்து, கால் தரையில் படிய, கால் மேல் கால் போடாமல், கையை இதய உயரத்தில் மேஜையிலோ தலையணையிலோ வைத்து, ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். சட்டைக்கை மேலே கட்ட வேண்டாம், ரவிக்கை இறுக்கமாக இருந்தால் சுருட்டிவிடவும் வேண்டாம், அதுவே கையை இறுக்கும். அளக்கும்போது பேசக் கூடாது, நீங்களும்தான், ஏனென்றால் நீங்கள் கேட்டால் அவர் பதில் சொல்வார். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டுமுறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு வாரம் இப்படிச் செய்து, முதல் நாள் அளவை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போட்டால் போதும். வீட்டில் எடுத்த சராசரி 135/85-ஐத் தாண்டினால் பி.பி. அதிகம் என்பது பொதுவான கணக்கு, ஆனால் மேலே சொன்னபடி உங்கள் ஆளுக்கு டாக்டர் கொடுத்த எல்லைதான் கணக்கு. வருடம் முழுக்க தினமும் நாலுமுறை பார்ப்பது வெறும் பதற்றத்தைத்தான் வளர்க்கும்.

இதெல்லாம் சொல்வதைக் கேட்கும் ஆளுக்கு. அல்சைமரில் பட்டை உப்பி கையை இறுக்கும்போது என்ன நடக்கிறது என்று தெரியாமல் பயந்துபோவார்கள், பிடுங்கி எறிவார்கள், அந்த நேரம் மெஷின் 190 காட்டும், அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. முதலில் உங்கள் கையில் கட்டி அவர் பார்க்க ஒருமுறை ஓடவிடுங்கள். தினமும் அதே நாற்காலி, அதே நேரம், அதே ஆள். பழைய பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. "டெஸ்ட்" என்ற பேச்சே எடுக்க வேண்டாம், "கையைக் கொஞ்சம் குடுங்கப்பா" போதும். மறுத்தால் விட்டுவிடுங்கள், அரைமணி கழித்து அவருக்கு அது ஞாபகம் இருக்காது. எண்ணைச் சத்தமாகச் சொல்லி, "ஐயையோ இவ்வளவா" என்று அவர் முன்னால் பேசாதீர்கள். சொன்ன வார்த்தையை மறந்தாலும் அந்தப் பயம் அவரிடம் கொஞ்ச நேரம் தங்கிவிடும்.

மெஷின் நாடித்துடிப்பு சீராக இல்லை என்று ஒரு குறி காட்டினால், அல்லது அளவு ஒவ்வொரு தடவையும் தாறுமாறாக மாறினால், டாக்டரிடம் சொல்லி ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நோயில் இந்த மெஷின்கள் தடுமாறும், பக்கவாதத்துக்கும் அது ஒரு காரணம்.

நிற்கவைத்துப் பார்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் படுக்கவைத்து பி.பி. பாருங்கள். பட்டையைக் கழற்றாமல் எழுந்து நிற்கவைத்து, ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறை. பக்கத்தில் இன்னொருவர் பிடித்துக்கொள்ள இருக்க வேண்டும், பின்னால் ஒரு நாற்காலி இருக்க வேண்டும். நிற்கவே முடியாதவரைக் கட்டிலில் கால் தொங்கப்போட்டு உட்காரவைத்துப் பார்க்கலாம். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேல் இறங்கினால், எழும்போது பி.பி. விழுகிறது என்று அர்த்தம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? உட்கார்ந்து 150, நின்றால் 115. உட்கார்ந்த அளவை மட்டும் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டினால், எழும்போதெல்லாம் மூளைக்கு ரத்தம் இன்னும் குறையும். நம் வீடுகளில் தலைசுற்றினாலே "பிரஷர் ஏறிடுச்சு போல" என்று சொல்லிவிடுவார்கள். எழுந்தவுடன் சுற்றினால் பெரும்பாலும் ஏறியிருக்காது, இறங்கியிருக்கும். "தலைசுத்துது" என்று அல்சைமர் நோயாளிக்குச் சொல்லத் தெரியாமலும் போகலாம். எழுந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார், முகம் வெளுக்கும், பேச்சு நடுவில் நிற்கும், "வரமாட்டேன்" என்று நடக்கவே மறுப்பார். பிடிவாதம் என்று நாம் நினைப்பதில் கொஞ்சம் இதுவாகவும் இருக்கும்.

இந்த விழுதல் எப்போதெல்லாம் மோசமாகும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மதியம் வயிறு நிறையச் சோறு சாப்பிட்ட ஒரு மணி நேரம். எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்துவிட்டு எழும்போது. கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்க மறந்த நாள், அதுவும் நீர் பிரியும் மாத்திரை போகிறவராக இருந்தால். வயிற்றுப்போக்கு வந்த நாள். ராத்திரி இரண்டு மணிக்குச் சிறுநீருக்கு எழுந்து, குத்தவைத்து உட்கார்ந்துவிட்டு எழும்போது. இடுப்பெலும்பு முறிவதற்கு இதைவிடத் தோதான நேரம் இல்லை. கட்டிலில் எழுந்து உட்காரவைத்து ஒரு நிமிடம் காலை அசைக்கச் சொல்லிவிட்டு நிற்கவையுங்கள், வெஸ்டர்ன் டாய்லெட்டோ கட்டிலருகே கமோடு நாற்காலியோ போடுங்கள், சுவரில் பிடிகம்பி அடியுங்கள், ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

மாத்திரைப் பெட்டி

முதலில் எல்லா மாத்திரையையும், பி.பி., சர்க்கரை, மூட்டுவலி, தூக்கம், சளி, நாட்டு மருந்து என்று எதையும் விடாமல், ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். இதய டாக்டர் ஒன்று, நரம்பு டாக்டர் ஒன்று, குடும்ப டாக்டர் ஒன்று என்று எழுதியிருப்பார்கள், ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரட்டிப்பாக வந்திருக்கும். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்துகளையும் பாருங்கள்: ஏ.எம். என்றால் பெரும்பாலும் அம்லோடிபின் சேர்ந்தது, எச் என்றால் நீர் பிரியும் ஹைட்ரோகுளோரோதயசைடு, சி.டி. என்றால் குளோர்தாலிடோன். டெல்மிசார்டன் ஏ.எம். ஒன்றும், தனியாக அம்லோடிபின் ஒன்றும் போய்க்கொண்டிருந்தால் அது வேண்டுமென்றே கொடுத்ததா என்று கேளுங்கள்.

மறதிக்குக் கொடுக்கும் டோனெபெசில் நாடித்துடிப்பைக் குறைக்கும். மெட்டோப்ரோலால், அட்டினோலால் மாதிரி பி.பி. மாத்திரைகளும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் சிலருக்குத் துடிப்பு ரொம்ப இறங்கி மயங்கி விழுவார்கள். அதனால்தான் பி.பி. மெஷினில் மூன்றாவதாக வருகிற அந்த நாடித்துடிப்பு எண்ணையும் நோட்டில் எழுதச் சொல்கிறேன், 50-க்குக் கீழே போனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்க வேண்டாம். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் போகிறவர்களுக்கு எழும்போது பி.பி. விழுவது கூடும்.

இப்போது ஒரு சங்கிலியைச் சொல்கிறேன், நிறைய வீடுகளில் இது நடக்கிறது. அம்லோடிபினால் கால் வீங்கும். அது மாத்திரையால் வந்த வீக்கம் என்று யாரும் சொல்லாததால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சேரும். அதனால் சிறுநீர் அடிக்கடி வரும், துணி நனையும். அதற்கு ஆக்சிபியூட்டினின் மாதிரி ஒரு மாத்திரை வரும். அந்த வகை மருந்து, ஞாபகத்துக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற மூளை ரசாயனத்தைத் தடுக்கிறது. டோனெபெசில் எதைக் கூட்டப் பார்க்கிறதோ அதையே இது முடக்குகிறது. மறதி கூடும், நோய் முற்றிவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுவார்கள். புதிதாக ஏதாவது தொந்தரவு வந்தால் "இது ஏற்கெனவே போகிற மாத்திரையால் வருமா?" என்று முதலில் கேட்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டால் இந்தச் சங்கிலி ஆரம்பத்திலேயே அறும். நீர் பிரியும் மாத்திரை போகும்போது திடீரென்று குழப்பம் கூடினால் ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள், முதியவர்களுக்கு அது சட்டென்று இறங்கும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவதிலும் கவனம் வேண்டும். டைக்ளோஃபினாக், இபுப்ரொஃபன் மாதிரி மூட்டுவலி மாத்திரை பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். சளி மாத்திரையில் பெரும்பாலும் ஃபினைலெஃப்ரினும் குளோர்ஃபெனிரமினும் சேர்ந்திருக்கும்: முன்னது பி.பி.யை ஏற்றும், பின்னது குழப்பத்தைக் கூட்டும், நம் ஆளுக்கு இரண்டுமே ஆகாது. தண்ணீரில் போட்டால் பொங்கும் மாத்திரையிலும் பொடியிலும் சோடியம் நிறைய. நாட்டு மருந்தில் அதிமதுரத்தைச் சொல்ல வேண்டும், தொண்டைக்கு நல்லது என்று தினமும் கொடுத்தால் அது பி.பி.யை ஏற்றி பொட்டாசியத்தை இறக்கும்.

கொடுப்பதிலும் சில விஷயம். மாத்திரை போட்டதை மறந்து இன்னொருமுறை போட்டுக்கொள்வார்கள், பெட்டியைப் பூட்டிவையுங்கள். டெல்மிசார்டன் ஈரம் பட்டால் கெட்டுப்போகும், அட்டையிலிருந்து பிதுக்கி வாரப் பெட்டியில் போடாமல் அட்டையோடு கத்தரித்துப் போடுங்கள். விழுங்க முடியவில்லை என்று பொடித்துக் கஞ்சியில் கலக்கும்முன் கேளுங்கள், எக்ஸ்.எல்., ரிடார்ட் என்று பெயரில் வருபவை மெதுவாகக் கரைவதற்காகச் செய்யப்பட்டவை, பொடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உள்ளே போகும். சாப்பிடாமல் வாந்தி, பேதியாகிக் கிடக்கும் நாளில் பி.பி. மாத்திரையும் நீர் மாத்திரையும் போடலாமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடும் தூக்கமும்

உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு, ஒரு டீஸ்பூன் அளவு. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு, மிக்சர் ஆகியவற்றை எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் உப்பில்லாத சாப்பாட்டைத் தள்ளிவிட்டு எடை குறையும் அல்சைமர் நோயாளியிடம் உப்பைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். அவர் சாப்பிடுவதுதான் முதல் வேலை. புளி, எலுமிச்சை, மல்லி, மிளகு சேர்த்து ருசி கொடுத்துப் பாருங்கள். பொட்டாசியம் கலந்த "லோ சோடியம்" உப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் டெல்மிசார்டன், எனலாப்ரில் வகை மாத்திரை போகிறவருக்கும் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

தூங்கும்போது பி.பி. 10 முதல் 20 சதவீதம் இறங்குவது இயல்பு. சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திடுக்கிட்டு மறுபடி இழுக்கிறவர்களுக்கு அப்படி இறங்காது. அந்தக் குறட்டையை போனில் ஒரு வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

ஓட வேண்டிய நேரம்

அல்சைமர் மாதக்கணக்கில் நகரும் நோய். நேற்று நன்றாக இருந்தவர் இன்று ஆளே மாறிவிட்டால் அது வேறு ஏதோ: சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் இறங்கியது, பக்கவாதம். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது ஆகியவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மூளைக் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு, அதுவும் அந்த நேரத்திலிருந்துதான். அப்போது பி.பி. 190 இருந்தாலும் வீட்டில் கூடுதல் மாத்திரை கொடுக்காதீர்கள், நாக்குக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள். அடைபட்ட இடத்துக்குக் கொஞ்சமாவது ரத்தம் போய்க்கொண்டிருப்பது அந்த அழுத்தத்தால்தான், தடாலென்று இறக்கினால் சேதம் பெருகும். தொந்தரவு எதுவும் இல்லாமல் 180/120 காட்டினால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், அப்போதும் அதே அளவு என்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கடுமையான தலைவலி கூட இருந்தால் பேசிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

கடைசியாக உங்கள் விஷயம். இவரைப் பார்த்துக்கொள்ளும் மகளோ மருமகளோ மகனோ பெரும்பாலும் நாற்பதிலிருந்து அறுபதுக்குள் இருப்பீர்கள், ராத்திரி தூக்கம் இருக்காது, நேரத்துக்குச் சாப்பாடு இருக்காது, பி.பி. பார்த்தே வருடக்கணக்கில் ஆகியிருக்கும். லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் மறதி நோயைத் தள்ளிப்போட நாற்பது வயதிலிருந்தே மேல் அளவை 130 அல்லது அதற்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறது, அது உங்கள் வயதுக்கான எண். இதே மெஷினில் நீங்களும் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பல மெஷின்களில் இரண்டு பேருக்குத் தனித்தனிப் பொத்தான் இருக்கிறது, இரண்டாவதை உங்களுக்கு வைத்துக்கொண்டால் இரண்டு பேரின் அளவும் கலந்து சராசரி குழம்பாது.